பொருள் கொடுத்தவரின் பொறுப்பு

தம்பி, தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். யாங்கூனில் உள்ள ஒரு வணிக நிறுவனத்துக்கு விமான உதிரிப் பாகங்கள் அனுப்பிய மூன்று இன்வாய்ஸ்கள் உங்கள் மேசைக்கு வந்தன என்றும், வாங்கிய நிறுவனம் அதற்கு முன் விமானத் துறையில் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை என்றும், மேலதிகாரியிடம் கேட்டபோது "நமக்கு எதற்கு அந்த வேலை" என்று சொல்லிவிட்டார் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். கடைசியில் நீங்கள் கேட்ட கேள்வி இது: "பர்மாவில் குண்டு போடுவது அந்த நாட்டு இராணுவம். எய்தவன் இருக்க அம்பை நோவது நியாயமா? பொருளை விற்றவரைச் சட்டத்தால் தொட முடியுமா?"

காரைக்குடியில் நாற்பது ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து, அதில் பெரும்பகுதியை ஏற்றுமதி ஆவணங்களிலும் வங்கி வழக்குகளிலும் கழித்தவன் நான். தொட முடியும் என்பதுதான் என் பதில். 1946-லேயே தொட்டிருக்கிறார்கள், தூக்குக் கயிறு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனால் அன்று முதல் இன்று வரை சட்டத்தின் கைக்குள் அகப்பட்ட வணிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் இத்தனை குறைவு என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் மேசைக்கு வந்த அந்த மூன்று தாள்களுக்கு என்ன மதிப்பு என்பதும் புரியும்.

முதலில் அந்தப் பழமொழி. அது அம்பை விடுவிக்கிறது, ஏனென்றால் அம்புக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அம்பு செய்து கொடுத்தவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடித்து விற்பவர், இது தேங்காய் வெட்டவா வேறெதற்காவதா என்று வாங்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிக்க முடியாது. விசாரிக்காமல் விற்றார் என்பதற்காக அவரை யாரும் கொலைகாரர் என்று சொல்வதில்லை. ஆனால் ஒருவர் நள்ளிரவில் கதவைத் தட்டி, பக்கத்துத் தெருவில் இரண்டு பேரை முடித்துவிட்டேன், இன்னும் நான்கு பேர் மிச்சம், அரிவாள் மழுங்கிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்கும்போது, விலை பேசி எடுத்துக் கொடுத்தவர் வெறும் வியாபாரி ஆகமாட்டார். பகலில் விற்றதும் இரவில் விற்றதும் அதே அரிவாள், அதே விலை. விற்றவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில்தான் இரண்டு விற்பனைகளும் வேறுபடுகின்றன. 2021-ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் பட்டறைக்காரர்கள் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு கொல்லரிடம் நாம் எதிர்பார்ப்பது அவ்வளவு. பல கோடி டாலர் புரளும் நிறுவனங்களிடம் உலகம் அதைவிடக் குறைவாக எதிர்பார்த்து வந்திருக்கிறது என்பதே என் ஆற்றாமை.

இனி 1946-க்கு வருகிறேன். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் 8 வரை, ஹாம்பர்க் நகரில் ஒரு பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் மூன்று பேரை விசாரித்தது. புரூனோ டெஷ் என்பவர் பூச்சி மருந்து விற்கும் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். கார்ல் வைன்பாக்கர் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நிர்வாகி. யோவாகிம் டிரோஸின் தொழில்நுட்ப ஊழியர். ஸைக்லோன் பி என்ற சயனைடு மருந்தை எல்பே ஆற்றுக்குக் கிழக்கே விற்கும் உரிமை அந்த நிறுவனத்திடம் இருந்தது. கப்பல்களிலும் படைமுகாம்களிலும் பேன், மூட்டைப்பூச்சி ஒழிக்கப் பல ஆண்டுகளாகப் புழங்கிவந்த சரக்குதான் அது. அதே சரக்குதான் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமின் அடைத்த அறைகளுக்குள் மனிதர்கள் மேல் கொட்டப்பட்டது. மூவரும் யாரையும் தம் கையால் கொன்றவர்கள் அல்லர். சரக்கை அனுப்பினார்கள், விலைச்சீட்டு எழுதினார்கள், பணம் வாங்கினார்கள்.

நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியிருந்தவை மூன்று. அந்த வாயுவால் மனிதர்கள் கொல்லப்பட்டார்களா? அதை அனுப்பியது இந்த நிறுவனமா? மனிதர்களைக் கொல்லத்தான் போகிறது என்று தெரிந்தே அனுப்பினார்களா? முதல் இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாவதற்குத்தான் சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சி சொல்ல வந்தவர் படைவீரரோ உளவாளியோ இல்லை, அதே நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எமில் ஸேம் என்பவர். 1942-ல் அலுவலகக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது முதலாளியின் பயண அறிக்கை ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. யூதர்களைச் சுட்டுப் புதைப்பது பெருந்தொல்லையாக இருக்கிறது, அதற்குப் பதில் இந்த வாயுவைப் பயன்படுத்தலாமா என்று அதிகாரிகள் கேட்டதும், பூச்சிகளைக் கொல்லும் அதே முறையில் அறைகளை அடைத்துச் செய்யலாம் என்று டெஷ் யோசனை சொன்னதும் அதில் இருந்ததாக ஸேம் சாட்சியம் அளித்தார். படித்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் நண்பர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். இதை வைத்திருந்தால் ஆபத்து, எரித்துவிடு என்று நண்பர் சொல்ல, எரித்தும்விட்டார். மூல அறிக்கை கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் பெர்லினிலிருந்து திரும்பிய முதலாளி இதே செய்தியைத் தம்மிடம் சொன்னதாகச் சுருக்கெழுத்தராக இருந்த ஒரு பெண் ஊழியரும் கூறினார். கணக்கரும் சுருக்கெழுத்தரும் சொன்னதை நீதிமன்றம் நம்பியது.

டெஷும் வைன்பாக்கரும் 1946 மே 16 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். டெஷ் அடிக்கடி வெளியூர் போய்விடும் நாட்களில் முழு வியாபாரத்தையும் நடத்தியவர் வைன்பாக்கர். ஆகவே, முதலாளி சொன்னார் நான் செய்தேன் என்ற வாதம் அவருக்கு எடுபடவில்லை. டிரோஸின் விடுதலையானார், ஏனென்றால் சரக்கு போவதைத் தடுக்கவோ மாற்றவோ அவருக்கு அதிகாரம் இல்லை. இந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தெரிந்திருந்ததா, தடுக்கும் நிலையில் இருந்தாரா என்ற இரண்டையும்தான் அது அளந்தது. சாக வேண்டும் என்று விரும்பினாரா என்று கேட்கவே இல்லை. டெஷ் ஒருவேளை ஒருவர் சாவையும் விரும்பாமல், விற்பனை கூட வேண்டும் என்று மட்டுமே விரும்பியிருக்கலாம். அது அவரைக் காப்பாற்றவில்லை; காப்பாற்றியிருக்கவும் கூடாது.

அடுத்த ஆண்டே இதன் மறுபக்கத்தை உலகம் பார்த்தது. அந்த வாயுவைத் தயாரித்து விற்பதைக் கட்டுப்படுத்திய டெகெஷ் நிறுவனத்தில் 42.5 சதவீதப் பங்கு ஐ.ஜி. ஃபார்பென் என்ற வேதிப்பொருள் குழுமத்திடம் இருந்தது. நியூரம்பெர்கில் 1947-48-ல் நடந்த விசாரணையில் அதன் இயக்குநர்கள் 13 பேர் பல்வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். ஆனால் அந்த வாயு விவகாரத்தில், டெகெஷின் மேற்பார்வைக் குழுவில் இருந்த மூவருக்கும், அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருந்தது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி விடுவித்தார்கள். மேலே போகப் போகக் கை சுத்தமாகிவிடுகிறது. கீழே கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்கிறார், ஆதாயத்தில் பங்கு வாங்கியவர் எனக்கு அவ்வளவு விவரம் வராது என்று சொல்லி நழுவிவிடுகிறார்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், கீழ்ப் பர்மாவின் பெகு நகரில், நகரத்தாரின் வட்டிக்கடையான ஒரு கிட்டங்கியில் மூன்று ஆண்டுக் கணக்குக்கு மேலாளாகப் போனவர். முதலாளி கானாடுகாத்தானில் இருந்தார். வாரம் தவறாமல் பெகுவிலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதங்களில் ஒரு கட்டு எங்கள் வளவின் இரண்டாம் கட்டு அறையில், சிவப்புத் துணியில் சுற்றி, பேரேடுகளோடு இன்னும் இருக்கிறது. பிரித்தால் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி. அதன் கீழே கடன் கேட்டு வந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து வரி. வயல் எத்தனை ஏக்கர், எல்லைத் தகராறு உண்டா, மாடு எத்தனை, சூதாட்டப் பழக்கம் இருக்கிறதா, மைத்துனரோடு வழக்கு எந்த நிலையில் என்று எல்லாம் இருக்கும். 1931-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், தாராவதிப் பக்கம் கலகம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒருவரைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறார்: "எதற்கு என்று சொல்லவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டேன்."

அதை அறச்செயலாக நான் காட்ட வரவில்லை. பணம் திரும்பாது என்ற பயத்தில்தான் ஐயா மறுத்திருப்பார். அந்த நாட்களில் கீழ்ப் பர்மாவின் வயல்கள் கடனுக்கு ஈடாக நம்மவர்கள் கைக்கு வந்து சேர்ந்த விதமும், அதனால் அந்த மக்களுக்கு ஏற்பட்ட மனக்காயமும் நாம் மறக்கக்கூடாத வரலாறு. நான் சொல்ல வருவது வேறு. வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று தெரிந்துகொள்வதுதான் வியாபாரமே. தெரியாமல் யாரும் பெரிய தொகைக்குச் சரக்கு விடுவதில்லை. கடல் கடந்து இருந்த முதலாளிக்கும் ஐந்தொகை போய்க்கொண்டே இருந்தது. கிட்டங்கியில் நடப்பது முதலாளிக்குத் தெரியாது என்று எந்த நகரத்தார் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை, சொன்னாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தபால் கப்பலில் போன காலத்திலேயே அப்படி என்றால், மின்னஞ்சலும் வாங்குபவரைப் பற்றிய வங்கி விசாரணையும் உள்ள இன்றைக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு தலைமை அலுவலகம் சொல்வதை, நான் நீதிபதியாக இருந்தால், கடைசியாகத்தான் நம்புவேன்.

தெரிந்து விற்றதற்குத் தெளிவான உதாரணம் ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற டச்சு வணிகர். தயோடைகிளைக்கால் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. துணிச் சாயத்துக்கும் பேனா மைக்கும் பயன்படுவது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்தால் ஒரே படியில் மஸ்டர்டு என்ற நச்சு வாயுவாகிவிடும். 1980-களில் இவர் அந்தப் பொருளை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்கி, சதாம் உசேனின் ஈராக்குக்கு 1,100 டன்னுக்கு மேல் அனுப்பினார். ஈராக் இரசாயன ஆயுதம் பயன்படுத்துகிறது என்ற செய்தி அப்போதே உலகெங்கும் வந்துவிட்டது. நாடுகள் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை இறுக்கிக்கொண்டிருந்தன. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து நகரத்தின் மேல் வாயுக் குண்டுகள் விழுந்து சுமார் 5,000 பேர் செத்தார்கள். பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசற்படியில் விழுந்து கிடந்த தகப்பனின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வான் அன்ராட் 1989-ல் மிலானில் பிடிபட்டார், வெளியே வந்ததும் ஈராக்குக்கே போய் 2003 வரை பாக்தாத்தில் இருந்தார். 2005 டிசம்பர் 23 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் போர்க்குற்றங்களுக்கு உடந்தையாக இருந்ததற்காக 15 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் 2007-ல் அது 17 ஆண்டானது. விசாரணை நீண்டுவிட்டது என்பதற்காக 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் குறைத்தது. இனப்படுகொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டிலிருந்து மட்டும் அவரை விடுவித்தார்கள். அங்கே நுட்பமான வேறுபாடு இருக்கிறது. வாயுக் குண்டு செய்யத்தான் தம் சரக்கு போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபணமானது. ஒரு இனத்தை அந்த இனமாக இருப்பதற்காகவே அழிக்கும் எண்ணம் சதாமின் ஆட்சிக்கு இருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. உடந்தையாளரின் குற்றத்துக்குப் பெயர் சூட்டும்போது, எய்தவரின் மனத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இங்கிருந்துதான் சட்டத்தின் பெரிய பிளவு தொடங்குகிறது. தெரிந்து உதவினாலே போதுமா, அந்தக் குற்றம் நடக்க வேண்டும் என்ற நோக்கமும் வேண்டுமா? சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் முதல் வழியில் போனது. அண்டை நாடான லைபீரியாவின் அதிபராக இருந்த சார்ல்ஸ் டெய்லர், சியரா லியோனில் கை கால்களை வெட்டித் திரிந்த கலகப் படைக்கு ஆயுதமும் பணமும் கொடுத்ததற்காக, 2012-ல் 50 ஆண்டு தண்டனை பெற்றார். 2013 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதே 2013 பிப்ரவரியில், யூகோஸ்லாவியக் குற்றங்களுக்கான தீர்ப்பாயம் எதிர்த் திசையில் திரும்பியது. போஸ்னிய செர்பியப் படைக்கு உதவிய தளபதி பெரிஷிச்சுக்கு விசாரணை அமர்வு விதித்த 27 ஆண்டு தண்டனையை அது ரத்து செய்தது. உதவி குறிப்பாக அந்தக் குற்றத்தை நோக்கியே செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு தடை வைத்தது. ஓராண்டுக்குள் அதே தீர்ப்பாயத்தின் வேறு அமர்வு, அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று மறுத்துவிட்டது. அதற்குள் பெரிஷிச் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம் இன்னும் கடினமானது. உதவியவர், குற்றம் எளிதாக நடக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு உதவியிருக்க வேண்டும் என்று அதன் 25-ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. எந்த வியாபாரி அந்த நோக்கத்தோடு விற்பார்? அவர் நோக்கம் இலாபம். ஒரு பொது நோக்கத்தோடு இயங்கும் கூட்டத்தின் எண்ணத்தை அறிந்தே அதற்குத் துணைபோனவரையும் பிடிக்கலாம் என்று அதே பிரிவில் வேறொரு உட்பிரிவு இருக்கிறது. வணிகர்களைப் பொறுத்தவரை அந்தக் கதவு திறந்தே இருப்பதாக நான் கருதுகிறேன். ஆனாலும் அந்த நீதிமன்றத்தால் தனிமனிதரை மட்டுமே விசாரிக்க முடியும், நிறுவனத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்தியாவும் இலங்கையும் மியான்மரும் அதில் உறுப்பினர்களும் அல்ல.

ஆகவே நம்பிக்கை உள்நாட்டு நீதிமன்றங்களிடமிருந்துதான் வருகிறது. லஃபார்ஜ் என்ற பிரெஞ்சு சிமெண்ட் நிறுவனம் வடக்குச் சிரியாவில் இருந்த தன் ஆலை ஓட வேண்டும் என்பதற்காக, 2013-14-ல் ஐ.எஸ். உள்ளிட்ட ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தது. 2022 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 77.8 கோடி டாலர் கட்டியது. அதைவிட முக்கியமானது, 2021 செப்டம்பர் 7 அன்று பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு ஒருவரை உடந்தையாக்க, அந்தக் குற்ற நோக்கத்தை அவரும் கொண்டிருக்க வேண்டியதில்லை, அது நடக்கிறது என்று தெரிந்து உதவினால் போதும், வியாபாரத்தைத் தொடரவே பணம் கொடுத்தேன் என்பது விடுதலைக்குக் காரணம் ஆகாது. 1946-ன் ஹாம்பர்க் தீர்ப்பு 75 ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் மறுபடி பேசியதாகவே அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. 2024 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் இந்தக் குற்றச்சாட்டை நிலைநிறுத்தியது. சிரியாவில் இருந்தது கிளை நிறுவனம், நாங்கள் பாரிஸில் இருந்தோம் என்ற வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெகுவும் கானாடுகாத்தானும் நினைவுக்கு வந்துவிடும்.

உரிமையியல் வழக்குகள் நஷ்டஈடு வரை போகின்றன. கொலம்பியக் கொலைப்படைக்கு 17 லட்சம் டாலர் கொடுத்த சிக்கிட்டா என்ற வாழைப்பழ நிறுவனத்தை, 2024 ஜூனில் ஃபுளோரிடா ஜூரி பொறுப்பாளி என்று கண்டு, கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு 3.83 கோடி டாலர் தரச் சொன்னது. சூடான் ஆட்சிக்கு வங்கிச் சேவை செய்த பி.என்.பி. பரிபா என்ற பிரெஞ்சு வங்கி மீது 2025 அக்டோபரில் நியூயார்க் ஜூரி 2 கோடி டாலருக்கு மேல் விதித்தது. குண்டு விற்றவரை மட்டுமல்ல, கணக்கு வைத்துக் கொடுத்தவரையும் கேட்கலாம் என்பதை வட்டித் தொழிலில் வந்த நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஈழத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சை ஒரு தமிழரோடு முடிக்க முடியாது. 2009-ன் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. இலங்கை விமானப்படை ஓட்டிய கிஃபிர் விமானங்கள் இஸ்ரேலிலிருந்தும் மிக்-27 விமானங்கள் உக்ரைனிலிருந்தும் வந்தவை. மிக் விமானக் கொள்முதலில் ஊழல் நடந்ததாக வழக்கு வந்தது. யாருடைய தலையில் குண்டு விழுந்தது என்பதற்காக, விற்ற நாட்டில் ஒரு வழக்கு வந்ததாக நான் கண்டதில்லை. ஒரே ஒரு கீற்று உண்டு. 1980-களில் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்த கீனி மீனி சர்வீசஸ் என்ற பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மீது, லண்டன் காவல்துறை 2020-ல் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது. முப்பது ஆண்டுகள் கழித்தாவது தொடங்கியதற்குக் காரணம், பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டி எடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தியா 1959-ல் இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. உடந்தையாக இருப்பதும் குற்றம் என்று அதன் மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அதை உள்நாட்டுக் குற்றமாக்கும் சட்டம் இன்று வரை இல்லை. 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில் 2018 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் நம் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியது. இரசாயன ஆயுதம், பேரழிவு ஆயுதம் ஆகியவற்றுக்கான பொருட்களை 2000, 2005 ஆண்டுச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. வான் அன்ராட் விற்ற பொருள் இன்று அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண ஆயுதத்துக்கும் உதிரிப் பாகத்துக்கும் அரசு உரிமம் கொடுத்தால் போதும். உரிமம் இருந்தது என்பது மனச்சாட்சிக்கும் போதும் என்று நம் அதிகாரிகள் நினைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆயுத வணிக உடன்படிக்கை 2013-ல் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோதும் இந்தியா ஒதுங்கியே நின்றது.

இனி உங்கள் பர்மா. 2017-ல் ரோகிங்கியா மக்கள் ஏழு லட்சத்துக்கு மேல் விரட்டப்பட்ட பிறகு, ஐ.நா.வின் உண்மை அறியும் குழு 2019 ஆகஸ்டில் அந்த இராணுவத்தின் பொருளாதார வேர்களைத் தனி அறிக்கையாக வெளியிட்டது. 2016-க்குப் பின் ஏழு நாடுகளைச் சேர்ந்த குறைந்தது 14 நிறுவனங்கள் ஆயுதம் கொடுத்ததாக அதில் இருக்கிறது. அந்த ஏழில் இந்தியாவும் ஒன்று. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் உதிரிப் பாகங்களும் மூலப்பொருட்களும் போய்ச் சேர்ந்ததாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்குக் காட்டினார். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. அந்த அறிக்கை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 11 அன்று, சகாயிங் பகுதியில் பாஸிஜி என்ற கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மீது விமானம் குண்டு போட்டது. தப்பி ஓடியவர்களை ஹெலிகாப்டர் வந்து சுட்டது. 160 பேருக்கு மேல் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. விமானம் பறக்க எரிபொருள் வேண்டும், ஹெலிகாப்டர் சுழல உதிரிப் பாகம் வேண்டும். இரண்டையும் அந்த நாடு வெளியிலிருந்துதான் வாங்குகிறது.

சட்டத்தால் என்ன பயன் என்ற சலிப்பு உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அதற்கு ஒரு எண் சொல்கிறேன். அந்த அறிக்கைக்குப் பிறகு உங்கள் சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. அங்கிருந்து மியான்மர் இராணுவத்துக்குப் போன இந்தச் சரக்கு, ஓராண்டில் 11 கோடி டாலருக்கு மேல் இருந்தது, அடுத்த ஆண்டு 1 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டதாக அதே அறிக்கையாளர் 2024 ஜூனில் எழுதினார். ஒரு பகுதி தாய்லாந்து வழியாகத் திரும்பியது உண்மைதான். இருந்தும் மொத்தக் கொள்முதலே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் சிறைக்குப் போகாமலே இவ்வளவு நடந்தது. சரக்கு எங்கே போகிறது என்று ஓர் அரசு கேட்கத் தொடங்கினாலே அந்த வாசல் குறுகிவிடுகிறது.

இப்போது உங்கள் மூன்று இன்வாய்ஸ்கள். நீங்கள் டிரோஸினின் இடத்தில் இருக்கிறீர்கள், வைன்பாக்கரின் இடத்தில் இல்லை. சரக்கை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இருக்கவில்லை, சந்தேகம் வந்ததும் மேலதிகாரியிடம் கேட்டும் இருக்கிறீர்கள். அதனால் உங்களைப் பற்றிய பயம் வேண்டாம். ஆனால் கேட்ட நாளும் கிடைத்த பதிலும் முக்கியமானவை, ஏனென்றால் அந்த நிமிடத்திலிருந்து அந்த நிறுவனம் "தெரியாது" என்று சொல்ல முடியாது. 2011 முதல் மியான்மரில் நடந்த கொடுங்குற்றங்களுக்குச் சான்று திரட்ட, ஐ.நா. மனித உரிமை மன்றம் 2018-ல் ஒரு சுதந்திரப் புலனாய்வு அமைப்பை ஏற்படுத்தி ஜெனீவாவில் வைத்திருக்கிறது. அது தீர்ப்பளிப்பதில்லை, வழக்குத் தொடுக்க வருகிறவர்களுக்காகக் கோப்பு கட்டி வைக்கிறது. வணிக நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் உட்பட யாரும் அதனிடம் இரகசியமாகத் தகவல் தரலாம்.

அவசரப்பட்டு அலுவலகக் கணினியிலிருந்து எதையும் நகலெடுக்க வேண்டாம். ஊழியராக நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று சிங்கப்பூரிலேயே ஒரு வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள். நினைவில் இருப்பதை எழுதி வைப்பதற்கு எனக்குத் தெரிந்து யாரும் தடை சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றதும், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கேற்றுச் சீட்டின் எண், பாகத்தின் எண், அனுப்பியவர் பெயர், பெற்றவர் பெயர், எந்த வங்கி வழியாகப் பணம் வந்தது, மேலதிகாரி என்ன சொன்னார், அது எந்தத் தேதி என்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதி, கீழே நாளைக் குறியுங்கள். உறுதியாக நினைவில்லாததை உறுதியில்லை என்றே எழுதுங்கள். ஸேம் தம் குறிப்பை எரித்தபோது அவர் வெளியே சொன்னால் உயிர் போயிருக்கும். உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது காரைக்குடியில் இறங்கி வீட்டுக்கு வாருங்கள், இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.